பதினான்கு வீடும் ஒரு பொய்த் தேதியும்

என்னை மேடைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மைக் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது. எங்கள் பகுதி உதவிப் பொறியாளர் பிரியா இதைத் தெரிந்துகொண்டேதான் கூப்பிட்டாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வடகத்துக்கு மாவு கிளறிக்கொண்டிருந்த நேரம், கையில் ஒரு டேப்லெட்டோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"மேடம், காலநிலைச் செயல்திட்ட வரைவு ரெடி. அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேக்கறோம். போன தடவை கூட்டினப்போ யாரும் வாயே திறக்கலை. திறந்தவங்க எங்களைத் திட்டினாங்க. நீங்க வந்து பத்து நிமிஷம் பேசினா நல்லா இருக்கும்."

"பத்து நிமிஷம் எனக்குத் தொண்டையைக் கனைக்கவே பத்தாதும்மா" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வரைவை வாங்கிப் பார்த்தேன். நல்ல வேலைதான் செய்திருந்தார்கள், குறை சொல்லக்கூடாது. எங்கே வெயில் அதிகம் தாக்கும், எங்கே தண்ணீர் நிற்கும், எந்த ஏரிக்கு எந்தக் கால்வாய் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் கலர் கலராகப் பூசி வைத்திருந்தார்கள். 'மீள்திறன்' என்ற சொல் மட்டும் பக்கத்துக்கு மூன்று முறை வந்தது. விரலால் படத்தை நகர்த்திக்கொண்டே போனேன். மேற்கே, ஏரிக்கரைக்குக் கீழே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தெரு, தண்ணீர் நிற்கும் இடம் என்று கருநீலத்தில் இருந்தது. அதன் பின்னால் ஓடிய ஒரு வாய்க்கால் கோடு பாதியில் நின்றுபோயிருந்தது.

"இந்தக் கோடு ஏன் இங்கே நிக்குது?"

"தெரியலை மேடம். அதுக்கப்புறம் ரெக்கார்ட் இல்லை."

ரெக்கார்ட் என் தலைக்குள் இருக்கிறது. அதைத்தான் மண்டபத்தில் சொன்னேன். எழுதியும் கொடுங்கள் என்று பிரியாவின் அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்டதால் இங்கேயும் சொல்கிறேன்.

நான் நகராட்சிப் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு, ஒரு கட்டடக் கம்பெனியில் நாலு வருடம், பிறகு நகராட்சி. சேர்ந்த புதிதில் பொம்பளையை சைட்டுக்கு அனுப்புவதா என்று யோசித்து என்னை ஃபைல் அடுக்க வைத்தார்கள். ஆறு மாதம் அடுக்கினேன். நான் அடுக்கியதில் எது எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை வந்ததும் பயந்துபோய் சைட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடத்தில் தங்கராஜ் சார் எங்களுக்குப் பொறியாளராக வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, சாக்பீஸ் இருக்கும். எல்லோரையும், பெருக்க வரும் அம்மாவைக்கூட, "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் எந்த வடிகால் ஃபைலை நீட்டினாலும் ஒரே கேள்வி கேட்பார். "மழையில போய்ப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் ஃபைலை மூடி, நம் பக்கமாகத் திருப்பி, மெதுவாகத் தள்ளுவார். அந்தத் தள்ளலுக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அதனால் எங்கள் பிரிவில் ஒரு விசித்திரமான வழக்கம் வந்தது. மற்ற ஆபீஸ்களில் மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள். நாங்கள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவோம். எந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே நின்று யோசிக்கிறது என்று பார்த்து வந்து வரைய வேண்டும். மழை விட்டதும் சொட்டச் சொட்டத் திரும்புவோம். கணக்குப் பிரிவுக்காரர்கள் எங்களைப் பார்த்து, "என்ன, தவளைங்க எல்லாம் வந்தாச்சா?" என்பார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மழையில் நனைந்தால் அடி விழும். இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சார் வந்து முதல் மழைக்காலம் முடிந்ததோடு மழை போய்விட்டது. தொடர்ந்து வறட்சி. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கத் தண்ணீர் லாரிகள்தான். போர் போட்டால் காற்று வந்தது. அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று உத்தரவு வந்தது. மொட்டை மாடித் தண்ணீரைக் குழாயில் இறக்கி, ஐந்தடிக் குழி தோண்டி, கீழே கருங்கல், நடுவே கூழாங்கல், மேலே மணல் போட்டு அதில் விட வேண்டும். செய்யாத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

இன்றைக்குக் காலநிலை என்று தலைப்புப் போட்டு என்னென்னவோ செய்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்குத் தலைப்பே கிடையாது, குழி மட்டும்தான் இருந்தது. ஊரே குழி தோண்டியது. தோண்டாதவர்கள் குழாயை மட்டும் வாங்கி மண்ணில் நட்டு, சுற்றிலும் செம்பருத்திச் செடி வைத்து மறைத்தார்கள். இதைக் கண்டுபிடிக்க சார் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். மாடியில் ஒருவர் ஒரு குடம் தண்ணீரை ஊற்ற வேண்டும். கீழே இருப்பவர் குழாயில் காதை வைக்க வேண்டும். குழி இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் சட்டென்று நின்றுபோகும், கொஞ்ச நேரத்தில் செம்பருத்தி வேரடியில் ஈரம் தெரியும். ஒரு வீட்டுக்காரர், "குடத் தண்ணி பத்து ரூபா மேடம், ஊத்தாதீங்க, நானே ஒத்துக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம். அச்சடித்து வந்த படிவத்தில் கடைசிக் கட்டத்துக்கு அடுத்து சார் தன் கையாலேயே ஒரு கட்டம் போட்டு நகல் எடுத்து வைத்திருந்தார். 'மழையில் பார்த்த தேதி.'

மழையே இல்லாதபோது தேதிக்கு எங்கே போவது? எல்லோரும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். எனக்கு வெறுமையான கட்டத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அதோடு, அந்த மாதம் அதிகப் படிவம் முடித்தவள் நான்தான் என்று பேர் வாங்கும் ஆசையும் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து நிமிடம் தூறியது. அந்த ஐந்து நிமிடமும் நான் ஆபீஸ் எதிரே இருந்த டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். மேசைக்குத் திரும்பியதும், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த அந்தப் பதினான்கு வீட்டுத் தெருவின் படிவங்கள் அத்தனையிலும் அன்றைய தேதியை எழுதினேன். நல்ல கையெழுத்து வேறு எனக்கு.

அந்தத் தெரு, வயலாக இருந்து மனையானது. கடைசி வீடு யூசுப் பாய் வீடு. மெத்தை தைக்கிறவர். முன் கூடம் முழுக்கப் பஞ்சு, பின்னால் குடும்பம். குழி தோண்டச் சொல்லி நான் போனபோது பல்லிடுக்கில் ஊசியைக் கவ்விக்கொண்டே சொன்னார்.

"மேடம், இது ஏரிக்குக் கீழ் நெலம். களிமண்ணு. இங்க தோண்டினா தண்ணி கீழ போவாது, மேல வரும்."

"மூணு வருஷமா எந்தத் தண்ணி பாய் மேல வந்துச்சு?"

"மழை பேஞ்சா வரும் மேடம்."

"மழை பேய்ஞ்சா அப்புறம் பேசிக்கலாம். இப்போ தோண்டலைன்னா குழாய் கனெக்ஷன் போயிடும்."

எப்படி இருக்கிறது பாருங்கள் என் பேச்சு. அவர் ஊசியைக் கையில் எடுத்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி மேடம்" என்றார். இரண்டே நாளில் தோண்டிவிட்டார். நாங்கள் கொடுத்த படத்தில் இருப்பதைவிட அரை அடி ஆழமாகவே தோண்டியிருந்தார்.

அதற்கு அடுத்த வருடம் ஐப்பசியில் மழை வந்தது, இத்தனை வருட பாக்கியையும் சேர்த்துக்கொண்டு. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு எல்லோரும் குடை எடுத்துக்கொண்டிருக்கும்போது சார் என்னை மட்டும் கூப்பிட்டார். மேசையில் அந்தத் தெருவின் படிவங்கள் இருந்தன. அங்கிருந்து போன் வந்திருக்கிறது, வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்றார்.

"நீங்க ஏற்கெனவே மழையில பாத்த தெருதானே. அன்னிக்குத் தண்ணி எது வழியா வெளிய போச்சு?"

மேற்கே என்றேன். பிறகு தெற்கே என்றேன். சார் தேதியைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஃபைலை என் பக்கம் தள்ளுவார் என்று காத்திருந்தேன். தள்ளவில்லை. "வாங்க, போலாம்" என்று ஜீப் சாவியை எடுத்தார். அந்த ஜீப்பில் வைப்பர் ஒன்றுதான் வேலை செய்யும். அதுவும் டிரைவர் பக்கம் இல்லை, என் பக்கம். எல்லாம் எனக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டே வந்தது.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வீடுகளுக்கு முன்னால் நான் தோண்ட வைத்த குழிகள் உலை கொதிப்பதுபோல் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தன. மாடித் தண்ணீர் குழாய் வழியே குழிக்கு வருகிறது, குழி அதை வாங்காமல் வாசலுக்குத் தள்ளுகிறது, வாசல் வீட்டுக்குள் தள்ளுகிறது. குழி இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் தெருவோடு நின்றிருக்கும். என்னால்தான் முற்றத்துக்கு வந்தது.

யூசுப் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பஞ்சு மூட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். கூடுவாஞ்சேரியில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெண்கள் விடுதிக்கு நாற்பது மெத்தை. பத்து நாளில் கொடுக்க வேண்டும். தைத்து முடித்தது பாதி, அதில் கீழே அடுக்கியிருந்தவை நனைந்துவிட்டன. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்க மேடம். நீங்க தோண்டச் சொன்ன கெணறு நல்லா சொரக்குது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் வலித்தது.

சார் ஜீப்பிலிருந்து ட்யூப் லெவலை எடுத்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற நீளக் குழாய், அதுதான். ஒரு முனையை என்னிடம் கொடுத்து மின் கம்பத்தோடு பிடிக்கச் சொன்னார். மறுமுனையோடு தெருவின் இரண்டு கோடிக்கும் நடந்து, ஒவ்வொரு கம்பத்திலும் சாக்பீஸால் கோடு போட்டார். ஈரக் கம்பத்தில் சாக்பீஸ் எழுதாது, துண்டால் துடைத்துத் துடைத்துப் போட்டார். இரண்டு கோடியிலும் ரோடு ஒரு சாண் மேலே இருந்தது. தெரு நடுவே தட்டுபோல் பள்ளம். அவர் அவசரமே படவில்லை. எனக்கோ ஒவ்வொரு கோட்டுக்கும் பாயின் பஞ்சு கண்ணில் வந்தது.

"வயலா இருந்தப்போ இந்தத் தண்ணி எங்கேயோ போயிருக்கு" என்றார் சார். "வழி இருக்கு. அது இங்க யாருக்காவது தெரிஞ்சிருக்கணும். கேட்டுட்டு வாங்க."

நான் கிளம்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"கேக்கறதுக்கு முன்னாடி, அந்தத் தேதியைப் பத்தி அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"எல்லா வீட்லயுமா சார்?"

"பதினாலு வீடுதானே."

சொன்னேன். முழங்கால் தண்ணீரில் ஒவ்வொரு வாசலாக ஏறி, "உங்க தெருவை மழையில பாத்தேன்னு பொய்யா எழுதிட்டேன், பாக்கலை. பாத்திருந்தா இந்தக் குழியைத் தோண்டச் சொல்லியிருக்க மாட்டேன். தண்ணி போற பழைய வழி ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். முதல் வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். காது கேட்காமல் இல்லை, பிடித்திருந்ததால். மூன்றாம் வீட்டு அம்மா கதவைப் படாரென்று சாத்தினார். ஆறாம் வீட்டில், "இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் நனைஞ்சிகினு வந்தே?" என்று ஒரு துண்டும் காப்பியும் கொடுத்தார்கள். ஒன்பதாம் வீட்டுக்காரர், மேலதிகாரிக்கு எழுதுவேன் என்றார். மேலதிகாரி அதோ கம்பத்தடியில் நிற்கிறார் என்று காட்டினேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஏழெட்டு வீடு தாண்டியதும் நெஞ்சில் பாரம் குறைந்து வாய் சரளமாக வந்தது. வழி மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக யூசுப் பாய். மூட்டையை இறக்காமலே கேட்டார். நான் முடித்ததும் அதைக் கட்டில்மேல் வைத்தார்.

"தேதி போட்டதை நீங்களா சொல்றீங்களா, சார் சொல்லச் சொன்னாரா?"

"சார் சொன்னாரு பாய். ஆனா போட்டது நான்தான்."

ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "பின்னாடி வாங்க மேடம்."

பின்கட்டுச் சுவருக்கு அழைத்துப்போனார். விறகும் உடைந்த தையல் மெஷினும் அடுக்கியிருந்த மூலையில் காலால் தடவி, ஒரு இடத்தைக் காட்டினார். சுவரின் அடியில், தண்ணீருக்குள், சிமெண்ட் பூசிய ஒரு வட்டம்.

"வாய்க்கா குழா. ரோட்டுத் தண்ணியெல்லாம் இது வழியாத்தான் பின்னாடி கால்வாய்க்குப் போவும்னு நெலம் வித்தவரு சொன்னாரு. மூணு வருஷமா ஒரு சொட்டு வரலை, பாம்புதான் வந்துச்சு. புள்ளைங்க வெளையாடற எடம். நான்தான் கல்லு வச்சு அடைச்சேன்."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே பாய்."

"பதிமூணு வூடு முழுகிப்போய் நிக்குது. என்னாலதான்னு எந்த வாயால சொல்றது? பஞ்சு போனா போவுது, ராத்திரி நானே ஒடச்சுடலாம்னு நெனச்சேன். நீங்க பதினாலு வூட்லயும் போய் நின்னுட்டு வர்றீங்க. இனிமே நான் எப்படி மேடம் சும்மா இருக்கறது?"

கடப்பாரையை அவரே எடுத்தார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. சார் வந்து பார்த்தார். "சுவத்தை ஒட்டிப் போடாதீங்க பாய், நடுவுல போடுங்க" என்று மட்டும் சொன்னார். பத்துப் பன்னிரண்டு குத்தில் கல் உள்ளே போனது. ஒரு பெரிய ஏப்பம் விட்டதுபோல் சத்தம் வந்து, தெருத் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. வாத்தியாரின் ஒரு செருப்பு மிதந்து வந்து எங்களைக் கடந்து கால்வாய்க்குப் போனது. பாய் அதைப் பிடிக்கக் குனிந்தார், விட்டுவிட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நாலு மணிக்குள் தெருவில் தார் தெரிந்தது.

மழை விட்டு வெயில் வந்த ஞாயிற்றுக்கிழமை, பதினான்கு வீட்டு மொட்டை மாடியிலும் யூசுப் பாயின் பஞ்சு காய்ந்தது. கதவைச் சாத்திய அம்மாவின் மாடியில்தான் அதிகம். நான் லீவு நாளில் போய், பஞ்சு இறங்கி அடைக்காமல் எல்லா மாடிக் குழாய்க்கும் பழைய துணி கட்டினேன். மெத்தை நாலு நாள் தாமதமாகக் கூடுவாஞ்சேரிக்குப் போனது, விடுதிக்கார அம்மா முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்தத் தெருவுக்குக் குழி வேண்டாம், மாடித் தண்ணீர் தொட்டிக்கு, மிகுந்தது வாய்க்காலுக்கு என்று புதிதாக வரைந்து கொடுத்தேன். சார் கையெழுத்துப் போட்டார். அந்தப் படம் பிற்பாடு எங்கே போனதோ, பிரியாவின் ரெக்கார்டில் இல்லை. என் பொய்யைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் பேசியதில்லை. என்னைப் பதினாலு தடவை பேச வைத்துவிட்டாரே, அது போதும் என்று நினைத்திருப்பார்.

இதை அப்படியே மண்டபத்தில் சொன்னேன். பத்து நிமிடம் நாற்பது ஆனது. சொல்லி முடித்துவிட்டு, "செயல்திட்டம்னா அவங்க ஏதோ செய்யப் போறாங்க, நாம பாத்துக்கிட்டு இருப்போம்னு நெனைக்காதீங்க. படத்துல இந்த மாதிரி எத்தனையோ கோடு பாதியில நிக்குது. மிச்சம் நம்ம யார் வீட்டுப் பின்னாடியோ இருக்கு. பிரியாவால உங்க பின்கட்டுக்குள்ள வந்து பாக்க முடியாது" என்றேன். பேச்சு அதோடு சரி. யாரும் கை தட்டவில்லை. தவறான இடத்தில் பேசிவிட்டேனோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

இரண்டாவது வரிசையில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். மணல், ஜல்லி வியாபாரம் செய்கிறவர். போன கூட்டத்தில் பிரியாவை அதிகமாகத் திட்டியவர் அவர்தான், எங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது, என்ன கிழிக்கிறீர்கள் என்று. அவர் எழுந்தார். அன்றைக்குப்போல் குரல் உயரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"மேடம், நம்ம குடோனாண்ட ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட் ஒண்ணு கீது. லாரி திரும்பறதுக்குத் தோதா இருக்கட்டும்னு நான்தான் ஜல்லி கொட்டி மூடினேன். பத்து வருஷம் ஆவுது. எழுதிக்கச் சொல்லு அந்தப் பொண்ணை."

பிரியா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். எந்த இடம் என்று கோதண்டம் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். நாலு வரிசை தள்ளி ஒரு கை எழுந்தது. சுவரோரம் இன்னொன்று. பிரியா எல்லோரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கோதண்டம் சொன்னதைக் குறித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார், உக்காருங்க" என்றாள்.

அவர் உட்காரவில்லை.

"இரும்மா" என்றார். "இன்னொண்ணும் கீது."